மாற்றிக் கொடுத்த வாக்குத்தத்தம்

ஜனவரி 1, புதன்

சபையில் கொடுத்த புது டைரி. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளருக்கு வருஷா வருஷம் ஒன்று தருவார்கள். போன வருஷத்து டைரியில் பிப்ரவரி வரை எழுதிவிட்டு, மிச்சப் பக்கங்களில் கேக் செய்முறைகளை ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த வருஷமாவது ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்றைய வருஷக் கடைசி ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். பித்தளைத் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் வரும் வசனம்தான் வருஷம் முழுவதற்கும் கடவுள் நமக்குத் தரும் வாக்கு. எனக்கு அருமையான வசனம் வந்தது. நோயைக் குணமாக்குவேன், காயத்தை ஆற்றுவேன் என்று ஆண்டவர் சொல்லும் வசனம். கூட வந்த லீதியாள் அக்காவுக்கு, என் கிருபையே உனக்குப் போதும் என்கிற பொருளில் ஒன்று. அதுவும் நல்லதுதான். வேதத்தில் எந்த வசனம் கெட்ட வசனம்?

அட்டையை வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்தேன். தொண்டை கரகரப்பு இன்னும் போகவில்லை அவருக்கு. ஏழாம் தேதி பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெனிட்டா, "அப்பாவுக்கு என்னம்மா குரலே இல்ல?" என்று கேட்டாள். கரோல் பாடிப் பாடி அப்படி ஆகிவிட்டது என்றேன்.

ஜனவரி 2, வியாழன்

பெனிட்டா ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். முறுக்கு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

போஸ்ட் ஆபீஸில் இன்றுதான் ஒரு கட்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்து சேர்ந்தது. முத்திரை குத்திக் குத்தி மணிக்கட்டு வலி. பண்டிகை முடிந்து வரும் வாழ்த்தைப் பிரிக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ.

மாடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் அப்படியே தொங்குகிறது. இவர்தான் ஏணி வைத்து இறக்க வேண்டும்.

ஜனவரி 3, வெள்ளி

முதல் பக்கத்தில் எழுதியது பொய். என் டைரியில் நானே பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? எழுதிவிடுகிறேன்.

அட்டை எடுத்ததும் கோயில் வராந்தாவில் டியூப் லைட்டுக்குக் கீழே வந்து நின்றோம். அக்காவுக்கு இடது கண் எப்போதோ மங்கிவிட்டது, வலது கண்ணில் புரை. பத்தாம் தேதி ஆபரேஷன். கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரிவதில்லை. "ஏட்டி புஷ்பம், என்னதுன்னு வாசிச்சுச் சொல்லு" என்று அட்டையை என் கையில் தந்தார்கள். குணமாக்கும் வசனம் வந்தது அவர்களுக்குத்தான். எனக்கு வந்தது கிருபை போதும் என்கிற வசனம்.

அந்த வசனம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். வியாதியை எடுத்துவிடு என்று மூன்று தடவை கெஞ்சின அப்போஸ்தலருக்கு, எடுக்க மாட்டேன், என் கிருபை போதும் என்று கிடைத்த பதில் அது. அந்த நேரத்தில் அது எனக்கு வேண்டாம். இரண்டு அட்டையும் ஒரே கையில் இருந்தன. நான் என்னுடையதை வாசித்து, என்னுடையதை அக்கா கையில் கொடுத்தேன். "கிருபை போதுமாம் உங்களுக்கு" என்றேன். அக்கா அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "போதும்ட்டி. போதும்" என்று வேதத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு வெட்கம். டிசம்பர் முதல் வாரம் சங்கக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். வாக்குத்தத்த அட்டை கிளி ஜோசியம் இல்லை, பிடித்தது வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்று. கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து ஆளாளுக்கு வந்து "நல்லாச் சொன்னிய" என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

ஐம்பத்தாறு வயசில், கண் தெரியாத ஒரு மனுஷியின் அட்டையைத் திருடியிருக்கிறேன். விலை ஒரு ரூபாய்கூடப் பெறாது. பெரிய திருட்டு ஏதாவது செய்திருந்தால் வெளியே சொல்லவாவது முடியும்.

ஜனவரி 5, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்க வரிசை எழுந்தபோது நான் எழவில்லை, திருடிய கையை எப்படி நீட்டுவது? வயிறு சரியில்லை என்று பக்கத்தில் சொன்னேன். லீதியாள் அக்கா தட்டுத் தடவி நடந்து பீடத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். திரும்பி வரும்போது என் தோளைத் தொட்டு, "வயித்துக்கு ஓமத்தண்ணி குடிட்டி" என்றார்கள். கண் தெரியாவிட்டாலும் நான் எழுந்திருக்காதது தெரிந்திருக்கிறது.

பாடகர் குழுவில் இவர் இடம் காலி. முப்பது வருஷத்தில் டிசம்பரில் பாடி ஜனவரியில் பாடாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 6, திங்கள்

இவர் சட்டையை ஊற வைக்கும்போது பையைப் பார்க்கவில்லை. அட்டை சோப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது. ஓரம் நைந்து, நீல எழுத்து கலங்கிப் போய், சமையலறை ஜன்னலில் காய வைத்திருக்கிறேன். திருடியதையாவது பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா நான்?

ஜனவரி 7, செவ்வாய்

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார் டாக்டர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேச்சைக் குறைத்துக்கொண்டார். குரல் நாணில் ஏதோ தடிப்பு இருக்கிறது, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"எப்பத்துல இருந்து குரல் இப்படி இருக்கு?"

இவர் என்னைப் பார்க்காமல், "பண்டிகைக்கு ஒரு வாரத்துக்கு முந்திதான்" என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள். டாக்டரும் அவசரத்தில் இருந்தார்.

ஜனவரி 9, வியாழன்

துணுக்கு எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்ததும் இவர் முதலில் தேடியது செருப்பை. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. பொங்கல் லீவு குறுக்கே வருவதால் முடிவு பதினேழாம் தேதிதானாம்.

பேசுவதற்குப் பதிலாக இவர் எழுதிக் காட்டுகிறார். போன வருஷத்துத் தினசரி காலண்டர் தாள்களை ஒன்றுகூட எறியாமல் கிளிப் போட்டு வைத்திருக்கிற ஆள். அதன் பின்பக்கத்தில், "உப்பு கம்மி", "ஃபேனைக் குறை", "அழாதே". நான் அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

லீதியாள் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தனிக்கட்டை. மகன் கப்பலில் இருக்கிறான். ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விட வேண்டும், தானே விட்டுக்கொள்ளக் கூடாது. நான் வந்து விடுகிறேன் என்றேன். ஆபீஸுக்கு முன்னால், மத்தியானம் ஓடி வந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு என்று என் முறை. மற்ற மூன்று வேளைக்கு எதிர்வீட்டுப் பெண்.

"நீ ஆண்டவர் அனுப்பின ஆளுட்டி" என்றார்கள் அக்கா.

இமையை விரித்துப் பிடித்து, அந்தக் கண்ணுக்குள் பார்த்துத்தான் மருந்து விட வேண்டும். குறி தவறி ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. "பயப்படாதட்டி, எனக்கே பயமில்ல" என்றார்கள். விரலை மட்டும் என் சேலை முந்தானையில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

இவர் கஞ்சி கேட்டு எழுதிக் கொடுத்தார். "கொஞ்சம் சூடா." கிண்ணத்தை வைத்துவிட்டுத் தாளைத் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 24, வியாழன். அதில் என் கையெழுத்தில், "9.30, தொண்டை டாக்டர்." அதன் மேல் என் பேனாவாலேயே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, "சங்கம் - விற்பனை விழா."

இவர் வேண்டுமென்று அந்தத் தாளை எடுத்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட ஆள் இல்லை. கைக்கு வந்ததை எடுத்திருப்பார். தாளை டைரிக்குள் வைத்துவிட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

ஆபீஸ். மருந்து மூன்று தடவை. கஞ்சி. வேறு ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

தெருவெல்லாம் பொங்கல். காலையில் போனால் அக்கா கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருக்கிறது. உடனே ஆட்டோ பிடித்தேன். குணமாக்குவேன் என்று இந்தக் கண்ணுக்குச் சொன்ன வாக்கு என் வீட்டு ஜன்னலில் காய்ந்து கிடக்கிறது. கிளி ஜோசியம் இல்லை என்று பேசினவள், ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அட்டைக்கு அட்டை கணக்குத் தீர்க்கிற கடவுளை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பண்டிகை நாளிலும் கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இருந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்கள். பொங்கலும் அதுவுமாகக் குளிக்காமல் இருக்க மனசு வரவில்லையாம். கிறிஸ்தவளுக்கு என்ன பொங்கல் குளியல் என்று டாக்டர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சோப்பு பட்ட எரிச்சல்தான், இரண்டு நாளைக்கு மணிக்கு ஒரு தடவை மருந்து விடுங்கள், சரியாகிவிடும் என்றார்.

இன்றும் நாளையும் லீவு. நல்லதாகப் போயிற்று. இவருக்குக் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு இவரையும் அங்கேயே கூட்டிப் போய்விட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர், வாயை மூடிக்கொண்டு ஒருவர். அக்கா பேசுகிறார்கள், இவர் தலையாட்டுகிறார். தலையாட்டுவது அக்காவுக்குத் தெரியவில்லை. நடுவில் உட்கார்ந்து "ஆமாங்குறாங்க", "இல்லங்குறாங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பல நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சிரித்தோம். உடனே எனக்கு வெட்கமாகிவிட்டது. சிரிக்க நான் யார்?

ஜனவரி 17, வெள்ளி

புற்றுதான்.

ஆரம்ப நிலை என்கிறார் டாக்டர். திங்கட்கிழமை கதிரியக்க டாக்டர் பார்ப்பார். பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியில் வந்த கோயில் கோபுரங்களை எண்ணிக்கொண்டே வந்தார், எங்கள் கோயில் உட்பட. பதினொன்று என்று விரலால் காட்டினார்.

ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன். எந்த முகத்தோடு கேட்பது?

ஜனவரி 18, சனி

அக்காவுக்குச் சிவப்பு சுத்தமாக இறங்கிவிட்டது. காலை மருந்து விட்டதும், "ஏட்டி, இன்னைக்குப் பளிச்சுன்னு இருக்கு. எதுத்த வீட்டு நம்பர் தெரியுது. என் வேதத்துக்குள்ள அந்த அட்டை இருக்கு, எடு. மொதல்ல அதத்தான் வாசிக்கணும்னு வச்சிருக்கேன்" என்றார்கள்.

எடுத்துக் கொடுத்தேன். கையை நீட்டிப் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார்கள். கிருபை. போதும். முகம் மலர்ந்துவிட்டது. "நீ சொன்னது சரியாத்தாம்ட்டி இருக்கு."

அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் ஒருநாளும் தெரிந்திருக்காது. ஆனால் சரியாகத்தான் வாசித்தேன் என்று அவர்கள் எனக்குச் சான்று கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"அது உங்க அட்டை இல்லக்கா."

"பின்ன யாருது?"

"என்னது. உங்களுக்கு வந்தது இது." பொங்கலிலிருந்து பர்ஸிலேயே வைத்திருந்த நைந்த அட்டையை எடுத்து அக்கா மடியில் வைத்தேன். "அன்னைக்கு மாத்திக் குடுத்துட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அக்கா அதையும் வாசித்தார்கள். கலங்கிய எழுத்து, அதிக நேரம் பிடித்தது. பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தக் கண் இப்போது நன்றாகப் பார்க்கிறது.

"கூட்டத்துல கிளி ஜோசியம்னு பேசினது நீதான?"

"ஆமாக்கா."

"அப்பம் எதுக்குட்டி எடுத்த?"

"அவுக தொண்டைக்கு." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மகளிடம்கூட இன்னும் சொல்லாததைச் சொன்னேன்.

"தம்பிக்கு எப்பம் இருந்து தொண்ட இப்படி?"

டிசம்பர் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழகிப் போன பொய். "அக்டோபர்" என்றேன். "அக்டோபர்ல டாக்டர்ட்ட நாள் வாங்கியிருந்தோம். நான்தான் விற்பனை விழா இருக்குன்னு அடிச்சுப் போட்டேன். அப்புறம் கரோல். கீழ்க்கட்டைல பேஸ் பாட வேற ஆளில்ல, பண்டிகை முடியட்டும்னு சொன்னேன். மிளகும் கற்கண்டும் குடுத்து, டிசம்பர் பூரா பாட வச்சேன்க்கா."

பரவாயில்லை என்று அக்கா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நைந்த அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

"எனக்கும் பயந்தாம்ட்டி. கண்ணு அவிஞ்சு போயிருமோன்னு எத்தன நாளு தூங்காமக் கெடந்தேன் தெரியுமா? இது எனக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் தைரியமாப் போய்ப் படுத்திருப்பம்லா."

நான் எழுந்து நின்றேன். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"இத உனக்குத் தர மாட்டேன். இது எனக்கு வந்தது" என்று அதை வேதத்துக்குள் வைத்தார்கள். மற்றதை என் பக்கம் நகர்த்தினார்கள். "இது உனக்கு வந்தது. கொண்டு போ. தம்பிக்கு ஜெபம் வேணும்னா கேளு, பண்ணுதேன். முழங்கால் மடங்காது, கட்டில்ல இருந்துட்டே பண்ணுதேன். அட்டையத் தர மாட்டேன்."

வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல். "மத்தியானம் மருந்து ஒரு மணிக்கு. பிந்திராத."

ரோட்டில் வரும்போதுதான் அழுதேன். வெங்காயம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் அக்டோபர் தாளை இவர் முன்னால் வைத்தேன். பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் குரல் காற்றாகத்தான் வருகிறது.

"இது எங்க கெடச்சுது?"

"நீங்க கஞ்சி கேட்டு எழுதிக் குடுத்ததுதான்."

"முன்பக்கத்த நான் பாக்கல புஷ்பம்."

"தெரியும். டாக்டர்ட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

தாளை நான்காக மடித்தார். "நீ பக்கத்துல உக்காந்திருந்தியே" என்றார்.

எனக்காக அன்று அவர் சொன்ன பொய்யை, அவர் உடம்புக்கு அது கேடாகும் என்று தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டவள் நான். அட்டை எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரமாக அட்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததே இதை எழுதாமல் இருக்கத்தான்.

"நாளைக்கு நான் சொல்லிருதேன்" என்றார்.

"இல்ல. நான் சொல்லுதேன்."

சாயங்காலம் பெனிட்டாவிடம் போனில் சொன்னோம். சத்தம் போட்டாள், அழுதாள், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள்.

ஜனவரி 20, திங்கள்

கதிரியக்கப் பிரிவில் எங்களுக்கு நாற்பத்திரண்டாவது டோக்கன். ஃபைலுக்குள் ரிப்போர்ட்டோடு என் அட்டையையும் வைத்திருந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்து, அதை எடுத்து வாசித்தேன். வேண்டாம் என்று தள்ளின அட்டை. நோயை எடுத்துவிடுகிறேன் என்று அதில் இல்லை. நீ செய்ததைப் பார்க்கவில்லை என்றும் இல்லை. பார்த்தேன், இருக்கிறேன், போதும் என்று இருக்கிறது. குணமாக்கும் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட என்னால் ஜெபிக்க முடியவில்லை. இன்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடாமலேயே ஜெபித்தேன். டோக்கன் கூப்பிட்டுவிடுவார்களே என்ற பயத்தில் சின்ன ஜெபம்தான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "டிசம்பர்லதான் ஆரம்பிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்லங்க டாக்டர். அக்டோபர் ஆரம்பத்துல இருந்தே இருக்கு. இருபத்திநாலாம் தேதி காட்ட வேண்டியது. நான்தான் தள்ளிப் போட்டேன்" என்றேன். இவர் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பவே வந்திருந்தா இன்னும் நல்லது" என்றார். டிசம்பரை அடித்து அக்டோபர் என்று எழுதினார். "சரி, இப்ப வந்துட்டீங்க. முப்பத்தஞ்சு நாள் வரணும், லீவு போடாம." அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

பூரணமாகக் குணமாகுமா என்று கேட்காமலே எழுந்து வந்தோம். வருகிற வழியில் முப்பத்தைந்து நாளுக்கும் எந்த பஸ் தோது என்று பேசிக்கொண்டு வந்தோம்.

ஜனவரி 21, செவ்வாய்

சங்கத் தலைவியைப் பார்த்து, செயலாளர் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்தைந்து நாள் ஆஸ்பத்திரி இருக்கிறது என்றேன். அது உண்மைதான். மற்ற உண்மையை அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் நானே சொல்ல வேண்டும். கை தட்ட மாட்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் ஆட்டோ. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லீதியாள் அக்கா இறங்கினார்கள், ஒரு தூக்குச் சட்டியில் பாயாசத்தோடு. "தம்பி தொண்டைக்கு எறங்குறதா இருக்கட்டும்னு சவ்வரிசி போட்டேன்" என்றார்கள். சட்டியை என் கையில் கொடுத்தார்கள்.

ஜனவரி முடியப் போகிறது, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்குவதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது என்று இவர் ஏணியை எடுத்தார். நான் ஏணியைப் பிடித்தேன். கீழே நின்று அக்கா, "எடப்பக்கம் கம்பி இருக்கு, பாத்து தம்பி" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார்கள். நட்சத்திரம் கீழே வந்ததும் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி அதைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, இது வெள்ளையா? இத்தன வருஷமா மஞ்சள்னுலா நெனச்சிட்டிருந்தேன்!"

இவர் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. காகிதத்தைத் தட்டி, மடித்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். அடுத்த டிசம்பரில் இதை யார் ஏற்றுவது என்ற கேள்வி மூன்று பேருக்கும் வந்தது. பெட்டியைப் பரணில் கைக்கெட்டும் இடத்தில் வை என்றார் இவர்.

மணி ஆறு ஆனது. அக்காவை ஹாலில் சாய்த்து உட்கார வைத்து, இமையை விரித்துப் பிடித்தேன். அவர்கள் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு சொட்டு. நேராகக் கண்ணுக்குள் விழுந்தது.